முகம் காட்டாத பதினேழாம் படம்

காலை 9.10. அறக்கட்டளையின் கண்காட்சி அறையைச் செயலாளர் திறந்தார். சுவரில் நாற்பது சட்டங்கள். பதினேழாம் எண் சட்டத்தில் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் அட்டை. படத்தைக் காணோம்.

மாலை நாலு மணிக்கு ஆண்டு விழா. தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களின் ஒழுகும் வீடுகளுக்குப் புதுக் கூரை போட்டுத் தருவது இந்த அறக்கட்டளையின் வேலை. நன்கொடையாளர்கள் தாங்கள் கொடுத்தது என்ன ஆயிற்று என்று இந்தச் சுவரில்தான் பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு கூரை மாயமானால் செயலாளர் யாருக்கென்று பதில் சொல்வார்?

9.45. இன்ஸ்பெக்டரம்மா வந்தார். போலீஸ் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, இங்கே வரும் கடிதங்களைச் சம்பளமில்லாமல் பிரித்துக் கொடுப்பவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"சாவி யார்கிட்ட?"

"ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு இவகிட்ட." செயலாளர் களப்பணிப் பெண்ணைக் காட்டினார். வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்தவள் அவள்தான். ஆடு திருடியவள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து ஆறு மணிக்கு நானே பூட்டினேன். பூட்டு அப்படியே இருக்கு. அப்ப வேற யாரு? அந்த வீட்டுக்குக் கூரையே போட்டிருக்க மாட்டா. யாராவது விசாரிப்பாங்கன்னு பயந்து படத்தைத் தூக்கிட்டா. இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுறேன்" என்றார் செயலாளர்.

"கூரை போட்டாச்சும்மா. நானே பக்கத்துல நின்னு பாத்தேன்." அவள் வெறும் சட்டத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இன்ஸ்பெக்டரம்மா செயலாளரைப் பார்த்தார். "பூட்டும்போது நாப்பது படமும் இருந்துச்சா?"

"லைட்டை அணைச்சேன், பூட்டினேன். எண்ணிப் பாக்கல."

"நேத்து யாரெல்லாம் வந்தாங்க?"

"நன்கொடையாளர்கள் பதினோரு பேர். முன்கூட்டியே காட்டுறது வழக்கம். ஒருத்தர் ரொம்பச் சீக்கிரமே வந்துட்டார், அப்ப இவ கடைசிப் படங்களைச் சட்டத்துல போட்டுக்கிட்டிருந்தா. அஞ்சரைக்குப் பக்கத்து ரூம்ல எல்லாருக்கும் டீ."

"டீ நேரத்துல இங்க யாரும் இல்ல?"

"இல்ல."

10.05. இன்ஸ்பெக்டரம்மா அறையைச் சுற்றி வந்தார். ஜன்னல் விளிம்பில் எட்டுச் சின்ன ஆணிகள், சட்டத்தின் முதுகிலிருந்து கழற்றியவை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஒரே இடைவெளியில் கிடந்தன. கீழே மேசையில் இன்றைக்குக் கொடுக்க வேண்டிய ஆண்டறிக்கைகள், இருநூறு. ஒன்றைப் பிரித்தார். ஒன்பதாம் பக்கத்தில் அதே பதினேழாம் படம். ஒரு பெண் முதுகைக் காட்டி நின்று புதுக் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். ஒரு பாதம் இன்னொரு பாதத்தின் மேல் ஏறியிருக்கிறது. முகம் தெரியவில்லை. உதவி பெற்றவர் முகத்தைக் காட்டக் கூடாது, விலாசத்தை வெளியாருக்குச் சொல்லக் கூடாது. இது இங்கே கறாரான விதி.

அறிக்கைகளை எண்ணினார். சரியாக இருநூறு. பிறகு பதினாறாம் சட்டத்தைக் கழற்றிப் படத்தைத் திருப்பினார். பின்னால் பென்சிலில் நாலு வரி இருந்தது. களப்பணிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

10.30. வாசலில் ஒரு பெரியவர். மூன்று கடிகாரக் கடைகளை விற்றுவிட்டுப் பன்னிரண்டு கூரைகளுக்குக் கொடுத்தவர். நாலு மணி விழாவுக்கு இப்போதே வந்திருந்தார். தூங்காத கண்கள். சுவரை அண்ணாந்து பார்த்து, "உங்க கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுது" என்றார்.

"உள்ள வாங்கய்யா. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

எல்லாரும் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"படத்து மேல ஆசைப்பட்டவங்க ஒரு அறிக்கையை எடுத்திருக்கலாம். மறைக்க நினைச்சவங்க இருநூறையும் எடுத்திருக்கணும். ஒண்ணுகூடக் குறையல. அப்ப எடுத்தவருக்கு முன்பக்கம் தேவையில்ல, பின்பக்கம்தான் தேவை. படம் மாறிடக் கூடாதேன்னு இந்தப் பொண்ணு ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் வீட்டு விலாசத்தை எழுதி வச்சிருக்கா. அது தப்புதான். அவ முழிச்சதும் அதுக்குத்தான்."

செயலாளர் பதினாறாம் படத்தை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல இருக்குறவங்க விலாசத்தைத் திருட வேண்டியதில்ல. பதிவேடு அவங்க கையிலயே இருக்கு. அப்ப வெளியாள். டீ நேரத்துல எடுத்தவர். பின்னால எழுதியிருக்குன்னு தெரிஞ்சவர், அதாவது நேத்து சீக்கிரமே வந்தவர். கழட்டின ஆணியை அப்படி வரிசையா வைக்கிறது திரும்ப மாட்டிப் பழகின கை." அவர் திரும்பினார். "படத்தைத் திருப்பி வைக்கத்தானே சீக்கிரம் வந்தீங்க, ஐயா?"

பெரியவர் பையிலிருந்து படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் பொண்ணும்மா. பதினாலு வருஷம் ஆச்சு. எனக்குப் பிடிக்காத கல்யாணம்னு நான்தான் வாசலைக் காட்டினேன். சின்ன வயசுல கடையில நின்னு கடிகாரத்தை அண்ணாந்து பாக்கும்போது இப்படித்தான் கால் மேல கால் ஏத்திக்குவா. பெத்தவனுக்கு முதுகு போதும்மா."

"போய்ப் பாத்தீங்களா?"

"காலையில ஆறு மணியிலிருந்து தெரு முனையில நின்னேன். கதவு திறந்துச்சு. ஒரு கை வாளித் தண்ணியை வாசல்ல ஊத்திட்டு உள்ள போயிடுச்சு. அவ்வளவுதான் பாத்தேன். திரும்பிட்டேன்."

"அவ்வளவு தூரம் போயிட்டு ஏன்?"

"அவ குடுக்காத விலாசம். திருடின விலாசத்தோட எப்படிம்மா கதவைத் தட்டுறது?"

இன்ஸ்பெக்டரம்மா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க. இந்தப் பொண்ணு கொண்டு போய்க் குடுப்பா. பதில் போடுறதும் போடாததும் அவங்க இஷ்டம். கூரை உங்களோடதுன்னு மட்டும் எழுதாதீங்க. நன்றிக்காக வந்த மாதிரி ஆயிடும்."

செயலாளர் களப்பணிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அழிரப்பர் ஒன்றைக் கொடுத்தார், கூடவே உட்கார்ந்து பாதிப் படங்களை அவரே அழித்தார். நாலு மணிக்கு நாற்பது படங்களும் சுவரில் இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். பதில் இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைத்துவிட்டு அதன் கீழேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்.

நாலாம் வெள்ளி, 11.20. களப்பணிப் பெண் ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே கடிதம் இல்லை. ஒரே ஒரு புகைப்படம், முதுகுப்பக்கம் மேலாக வந்தது. பென்சிலில் நாலு வரி. அவருக்கு மனப்பாடமாகியிருந்த அதே விலாசம். இந்தத் தடவை எழுதியிருந்தது அவருடைய மகள்.

"முன்பக்கம் என்ன படம்யா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

பெரியவர் அதைத் திருப்பாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "தெரியலம்மா. நேர்லயே போய்ப் பாத்துக்கறேன்."