பூஜ்ஜியத்துக்குக் கீழே

காலிக் கட்டில் முந்நூறு கிராம் காட்டியது. குழந்தை அம்மாவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. கருவி மெக்கானிக்கான அப்பா பழக்க தோஷத்தில் எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அமுக்கினான். தொழிற்சாலைத் தராசுகளிலும் இதே கதைதான். வெயில் ஏறினால் எண் கொஞ்சம் நகரும், அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை. தினமும் எடை பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காகவே கட்டிலின் நான்கு கால்களுக்கு அடியிலும் சென்சார் வைத்திருந்தான். பாரம் ஏறினால் உள்ளே இருக்கும் உலோகத் துண்டு மயிரிழை வளையும், அதில் ஒட்டிய மெல்லிய இழை இழுபடும், மின்தடை மாறும், வோல்டேஜ் ஒரு துளி நகரும். அந்தத் துளியைப் பக்கத்தில் இருக்கும் பெட்டி கிலோவாக்கிக் காட்டும்.

மறுநாள் காலியாக எழுநூறு கிராம். அமுக்கினான். அதற்கு மறுநாள் ஒன்றரை கிலோ.

“ஏங்க, இது சரியாத்தான் காட்டுதா?” என்றாள் மனைவி.

“கொல்லன் தெருவுல ஊசி விக்காத, போ.”

பத்தாம் நாள் காலை இரண்டு கிலோ. அமுக்கிவிட்டான். ஆனால் வெயிலுக்கு இவ்வளவு நகராது. வேலையிடத்திலிருந்து ஒரு கிலோ எடைக்கல் கொண்டுவந்து சாயங்காலம் கட்டிலில் வைத்துப் பார்த்தான். கிராம் பிசகாமல் ஒரு கிலோ. சென்சாருக்குக் கற்பனை கிடையாது. மேலே ஏதாவது அழுத்தினால்தான் அது பேசும்.

“தூங்கிட்டா, பாத்துக்கோங்க” என்று குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு மனைவி குளிக்கப் போனாள். பெட்டியில் குழந்தையின் எடை, நாலு கிலோ நூறு. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம், ஜன்னலில் மங்கும் வெளிச்சம், எங்கிருந்தோ நனைந்த துணி வாடை. பத்து நாளில் அமுக்கித் தள்ளியதையெல்லாம் மனதுக்குள் கூட்டினான். பதிமூன்று கிலோ. அது இல்லாமல் போகவில்லை. பெட்டிதான் அதைக் கணக்கில் எடுக்காமல் இருந்திருக்கிறது. அவன் சொன்னதால்.

எண் இறங்கியது.

இரண்டு. பூஜ்ஜியம். மைனஸ் மூன்று. மைனஸ் ஒன்பது.

குழந்தை அசையாமல் தூங்கியது. அதன் பக்கத்தில் அமுங்கியிருந்த மெத்தை மெல்ல நிமிர்ந்தது.

கட்டிலில் இருந்தது இறங்கிவிட்டது.

குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்தான். வாசலுக்கு நாலே எட்டு. ஒன்று. இரண்டு. கை தாழ்ந்தது. இவ்வளவு கனமா? குனிந்து பார்த்தான்.

தூங்கும் குழந்தையின் சட்டையில், இடுப்பின் இரண்டு பக்கமும், விரல் பதிந்தாற்போல் ஐந்தைந்தாகச் சின்னக் குழிகள். அவன் பார்க்கப் பார்க்க அவை ஆழமாயின.