ஏழு முடிச்சு

காலையில் குடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு அவள் மூக்கு வழியாக வந்தது.

டம்ளரை வைத்துவிட்டு விரலால் துடைத்துப் பார்த்தாள். சளி இல்லை, வெறும் தண்ணீர். மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது, வேர் இருந்த இடத்தில், கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை வரை ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. பல் மருத்துவர் இரண்டு முறை ஈற்றை இழுத்து மூடித் தைத்தார். இரண்டு முறையும், மூடிவிட்டதா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிப் பார்த்து அவளே பிரித்துவிட்டாள். பத்து நாளைக்கு முன்பு மூன்றாம் முறையாகத் தைத்தார்.

"ஊதிப் பாக்குற வேலை என்னோடதும்மா. நீங்க சும்மா இருந்தா போதும். இதுவும் பிரிஞ்சா இழுத்துத் தைக்க ஈறு மிச்சமில்ல."

சும்மாதான் இருந்தாள். தும்மலைக்கூட வாயைத் திறந்தே தும்மினாள். மென்று எதையும் தின்னவில்லை. அப்படியும் இரண்டு சொட்டு. அழுகையை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன் நின்றாள்.

"மறுபடியுமா?" கதவுக்கு வெளியே கணவன். "கிணறு வெட்டுற மாதிரி தோண்டிட்டே இருந்தா புண்ணு எப்பிடிடி ஆறும்?"

"தோண்டல. தையல எண்ணுறேன்."

"எண்ணு, எண்ணு. குட்டி போட்டிருக்கான்னு பாரு."

ஏழு. கறுப்பு நூலில் ஏழு முடிச்சும் அப்படியே இருந்தன. ஆனால் வாய் கொப்பளிக்கும் மருந்தின் நெடிக்கும் பழைய ரத்தத்தின் துருவாடைக்கும் நடுவே, குழாய் சொட்டும் சத்தத்துக்கும் அடியில், சரியாக மூடாத ஜன்னலின் இடுக்கில் காற்று நுழைவதைப்போல, கன்னத்துக்குள் எங்கோ மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று மூச்சை அடக்கினாள்.

சீழ்க்கை நிற்கவில்லை.

மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஊதவில்லை. சத்தியமாக ஊதவில்லை. தைத்த ஈறு குமிழிபோல் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது. அவள் ஊதிப் பார்ப்பாளே, அதே நிதானம். அந்தப் பக்கத்திலிருந்து.

ஒரு முடிச்சு ஈற்றுக்குள் இழுபட்டு மறைந்தது.

ஆறு.

ஐந்து.

"ஏய், ஆபீசுக்கு நேரமாகுது. எத்தனை குட்டி?"

நாக்கை மடித்து அந்த இடத்தில் அழுத்தினாள். அடியில் நூல் நழுவியது.

"என்னடி, பேசேன்!"

நாக்கை எடுத்தால்தான் பேச முடியும். எடுக்கவில்லை. ஈறு தளர்ந்தது. ஓட்டைக்குள்ளிருந்து, ஈரமாக, வெதுவெதுப்பாக, இன்னொரு நாக்கின் நுனி வந்து அவள் நாக்கைத் தொட்டது.