இத்தா முடிந்த பதினோராம் நாள்

அந்தச் சோற்றை அவள் தின்னவில்லை. அதில் மபாஸாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பகல் லுஹர் தொழுது முடித்தபோது மாமி கொண்டுவந்த தட்டு, மூடி போட்டபடி பாய்க்குப் பக்கத்தில் இருந்தது. பருப்பும் கருவாடும் பலாக்கொட்டையும் என்று வாசனையிலேயே தெரிந்தது. இருந்த கடுப்பில் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்பக்கத்துக் குளியலறைக்குப் போய் முகத்தில் நாலு கை தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? மூடி வைத்தது வைத்தபடியே இருந்தது. மாமியிடமே திருப்பிக் கொடுப்போம் என்று தட்டைத் தூக்கினால் கனமில்லை. உள்ளே ஒரு பருக்கை இல்லை. விரலால் வழித்து நக்கிய தடம் மட்டும் ஈரம் காயாமல் இருந்தது.

பூனையாக இருக்குமோ என்று நினைத்தாள். திறந்து தின்றுவிட்டுத் திரும்ப மூடிவைத்துப் போகிற அளவுக்கு மரியாதை தெரிந்த பூனை மாத்தளையில் எங்கேயும் கிடையாது.

அதைப் பற்றி மண்டையைக் குழப்பிக்கொள்ள அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. அன்றைக்கு அவள் அந்த வீட்டை விட்டுப் போகப்போகிறாள். தம்புள்ளையில் தையல் கடை வைத்திருக்கும் தங்கை நுஸ்லா, பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் வேன் பிடித்து வருவதாகச் சொல்லியிருந்தாள். பை தயாராகக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மாமியிடம் சொல்வதுதான் பாக்கி. அது எவ்வளவு பெரிய பாக்கி என்பது அந்த வீட்டில் பதினொரு வருடம் குப்பை கொட்டியவளுக்குத்தான் தெரியும்.

மாமியின் மகன், அவள் கணவன் இப்திகார் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு போன லொறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அன்றிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் அவள் விதவைக்கு விதித்த இத்தா இருந்தாள். வெள்ளை உடுப்பு, அன்னிய ஆண்களின் கண் படாத பின்னறை, ஜன்னலில் வெள்ளைத் துணி. அதில் அவளுக்கு மனக்குறை ஒன்றுமில்லை. அழுது தீர்க்க அவளுக்கும் அந்த நாட்கள் தேவைப்பட்டன. ஆனால் மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் காற்றில் அந்தத் துணி விலகி, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவன் அவளைப் பார்த்துவிட்டான். இத்தா முறிந்துவிட்டது, முதல் நாளிலிருந்து திரும்ப எண்ண வேண்டும் என்று மாமி தீர்ப்புச் சொன்னார். அப்படி ஒரு சட்டமே மார்க்கத்தில் இல்லை, பிறைக் கணக்குப்படி நாள் முடிந்தால் முடிந்ததுதான் என்று பள்ளிவாசல் மௌலவியே ஆள் அனுப்பிச் சொன்னார். எங்கள் வீட்டுக் கணக்கு வேறு என்று மாமி சொல்லியனுப்பினார். உண்மையான நாள் முடிந்து இன்றோடு பதினொரு நாள். சமைக்க, துவைக்க, கால் பிடித்துவிட ஆள் போய்விடுமே என்கிற பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்தால் மௌலவிதான் என்ன செய்ய முடியும்?

இவள்மீதும் தப்பு இருந்தது. பதினொரு வருடமாக எதைச் சொன்னாலும் "ஓ மாமி" என்று தலையாட்டியே பழகிவிட்டாள். அதைத் தவிர அந்த வீட்டில் வேறு என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்ததும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வெளியே மழை கட்டிக்கொண்டு வந்தது. அலுவிகாரைப் பக்கத்து மலை மறைந்துவிட்டிருந்தது. வீடெல்லாம் காயப்போட்ட சாதிக்காயின் வாசனை மூச்சை அடைத்தது. மாமி சுளகை மடியில் வைத்துக் கராம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, நான் இன்டைக்குப் போறேன். நுஸ்லா வாறா."

மாமி தலையைத் தூக்கவில்லை. "அதுதான் போறல்லன்டு இப்பச் செல்லிட்டீங்களே, மகள்."

"நான் எப்பச் செல்லின?"

"சோறு தின்னக்குள்ள."

மபாஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளாக இதே கதைதான். போனைக் கேட்டால், வேண்டாமென்று நீதானே சொன்னாய் என்பார். தங்கையோடு பேச வேண்டும் என்றால், பேசி என்ன பிரயோசனம் என்று நீயே சொல்லவில்லையா என்பார். ஒளித்து வைத்திருந்த பழைய போன் ஒன்று இருந்ததால்தான் நுஸ்லாவுக்கு ஒரு வரி அனுப்ப முடிந்தது. கிழவி பொய் சொல்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தான் அந்தத் தட்டைத் தொடவே இல்லை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவே இல்லை என்று எவ்வளவோ அடித்துச் சொல்லிப் பார்த்தாள். சுவரிடம் சொல்லியிருந்தால் சுவராவது கொஞ்சம் எதிரொலித்திருக்கும். மாமி கராம்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார், திருப்தியாக.

கணவனின் அண்ணன் ரவூப் விறாந்தையில் இருந்தார். கதவுத் திரைக்கு அப்பால் நின்றபடி அவரிடமும் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னார்.

"நேத்து நீங்கதானே திரைக்கு அங்கால நின்டு செல்லின, உம்மாவ உட்டுட்டுப் போறல்லன்டு. பொறகென்னத்துக்கு இந்தக் கத?"

நேற்று முழுவதும் அவள் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தாள். அறையை விட்டு எழுந்து வரவே இல்லை.

மாமி பொய் சொல்வார். ரவூபுக்கு என்ன குறை இருந்தாலும் பொய் சொல்லத் தெரியாது, அதற்கான மூளையும் கிடையாது. அப்படியானால் நேற்று இந்தத் திரைக்குப் பின்னால் நின்றது யார்?

மழை இறங்கியது. தகரத்தில் கல்லைக் கொட்டுவதுபோலச் சத்தம். கரண்ட் போனது. வீடு அப்படியே இருட்டுக்குள் அமிழ்ந்துபோனது. பெரிய வீதியில் லொறி ஒன்று வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு வாசல் கேற்றுக்கே போய் நனைந்தாலும் பரவாயில்லை, அங்கேயே நிற்போம் என்று சுவரைத் தடவிக்கொண்டு பின்னறையை நோக்கி நடந்தாள்.

நடைபாதையில் ஒரு வாசனை. காயாத துணியின் முக்கல் வாசனை. முடிக்கு வைக்கிற எண்ணெய். அவளுடைய எண்ணெய்.

அறைக் கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே மாமியின் குரல். எப்போது இங்கே வந்தார்? மெதுவாக, கெஞ்சலாக, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தில் மபாஸாவிடம் ஒரு தடவைகூட அவர் அப்படிப் பேசியதில்லை.

"இந்த ஊட்டுலயே ஈப்பீங்களா, மகள்?"

"ஓ மாமி."

அது மபாஸாவின் குரல்.

பிசகே இல்லை. அந்த இழுப்பு. கடைசியில் கொஞ்சம் தேய்கிற அந்த மூச்சு.

இடுக்கு வழியாகப் பார்த்தாள். மாமியின் முதுகு. அதற்கு அப்பால், பாயில், ஒரு வெள்ளைச் சட்டைக் கை. மடியில் ஒழுங்காக மடக்கி வைத்திருந்த விரல்கள். கட்டிலுக்கு அடியில் அவளுடைய பை. அடையாள அட்டை, சான்றிதழ், எல்லாம் அதற்குள்தான்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஹோர்ன் இரண்டு தடவை.

"மகள்," என்றார் மாமி, திரும்பாமல். "உள்ளுக்கு வாங்க."

யாரைக் கூப்பிடுகிறார்? உள்ளேதான் ஒருத்தி இருக்கிறாளே. ஆனால் மபாஸாவின் கால் ஒரு எட்டு வைத்துவிட்டது. அவளைக் கேட்காமல். உதடு குவிந்துவிட்டது. தொண்டையில் அந்த 'ஓ' வந்து நின்றது. சொல்லிவிட்டால் எவ்வளவு லேசு. உள்ளே போய் அந்தப் பாயில், அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்துவிட்டால் போதும். சண்டையில்லை. விளக்கம் சொல்ல வேண்டாம். அப்பாடா.

அவள் பல்லைக் கடித்தாள். நாக்கில் இரத்தம் கரித்தது.

"இல்ல மாமி."

சின்னதாகத்தான் வந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

மாமி திரும்பினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"யாரு நீங்க?"

மபாஸா பையைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டாள். ஓடினாள். நடைபாதை. முன்னறை. காலில் பட்டுச் சுளகு கவிழ்ந்தது. திரையை ஒதுக்கி விறாந்தைக்கு வந்தாள். ரவூப் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார், வெளிப் பெண்களைக் கண்டால் குனிகிற மாதிரி. பிறகு உட்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மபாஸா, ஆரோ ஒரு பொம்புள வந்தீக்கிறாங்க. வந்து பாருங்க."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஓ, வாறேன்."

படியில் வழுக்கியது. முழங்கால் கிழிந்தது. கேற்று. மழை. நுஸ்லாவின் கை அவளைப் பிடித்து வேனுக்குள் இழுத்தது. அக்காவைத் தாத்தா என்றே கூப்பிடுகிறவள், பை எங்கே தாத்தா என்று கேட்டது காதில் விழுந்தது. போவோம், போவோம் என்பதைத் தவிர மபாஸாவுக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. டிரைவர் அந்த ஒடுங்கிய பாதையில் வேனைப் பின்னுக்கு எடுத்தான். அதனால் வீட்டைப் பார்த்தபடியேதான் போக வேண்டியிருந்தது. வைப்பர் ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் வாசல் தெளிவாகத் தெரிந்தது.

விறாந்தை விளிம்பில், மிச்சமிருந்த வெளிச்சத்தில், மாமி அதைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். வெள்ளை முந்தானை நெற்றிவரை இழுத்துக் குத்தியிருந்தது. அதற்குள் முகம் இருக்க வேண்டிய இடம், பிசைந்து தட்டிய மாவுபோல வழவழவென்று கிடந்தது. கீழே ஒரு வாய் மட்டும்.

மாமியின் கையில் சுர்மாக் குச்சி. இத்தா இருக்கிறவள் கண்ணுக்குச் சுர்மா இடக்கூடாது. அதற்கு இத்தா முடிந்துவிட்டது போலிருக்கிறது. மாமி அதன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அந்த வெறும் மாவில் ஒரு கோடு இழுத்தார். நிதானமாக. ஆசையாக. இழுத்த இடம் பிளந்தது.

கண்.

மற்றப் பக்கமும் இழுத்தார். அதுவும் திறந்தது. இரண்டும் ஒருமுறை மூடித் திறந்து, மழைக்குள் தேடி, வேனைக் கண்டுபிடித்து, அவள்மேல் நின்றன. மாமி அதன் காதில் என்னவோ கேட்டார். அது மபாஸாவைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியது.