பொன்னாயிக்கு வைத்த சீலை

மாரக்காள் வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே வந்த அன்றே அந்த வீட்டில் ஈரமண் வாசனை அடித்தது. ஜேடர்பாளையத்தில் காவேரிக் கரையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. மாசி வெயிலில்கூடச் சுவர் காயாது. ஒன்பது நாள் விருந்தும் சிரிப்புமாகப் போனது. பத்தாம் நாள் அவள் புருஷன் சடையன், மேட்டூரில் அணை கட்டுகிற வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். "ஆடிப் பதினெட்டுக்கு வாரேன்" என்றான். தன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னானா என்பதுகூட அவளுக்குச் சரியாக நினைவில்லை.

அப்புறம் தனிமை. அப்படி இப்படிப்பட்ட தனிமையா! மல்லசமுத்திரத்துப் பக்கத்துப் பெண். இங்கே ஏன் என்று கேட்க நாதியில்லை. கிணற்றடியில் பெண்கள் அவளைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். கடையில் உப்புக்கு நின்றால், பின்னால் வந்தவளுக்குத்தான் முதலில் அளந்தார்கள். மாமியார் நல்லம்மாள் வாயைத் திறப்பாள், திட்டுவதற்கு.

"ஏ மாரக்கா, அடுப்புப் பொகையறது கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

மாரக்காளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஆடிப் பதினெட்டுக்கு வருகிறவன் அவளை ஒரு தரம் நன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்து, நல்லா இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் அவள் சீலை முதுகுப்பக்கம் நெடுகக் கிழிந்தது. மாற்றுச்சீலை ஈரமாகக் கொடியில் கிடந்தது. நல்லம்மாள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளறைக்குப் போய், உத்தரத்தில் தொங்கிய ஓலைக்கூடையை இறக்கினாள்.

அது பொன்னாயியின் கூடை. பொன்னாயி சடையனுக்கு அக்கா. பதினைந்து வயதில், கழுத்தில் தாலி ஏறுமுன்னே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அவளை வீட்டுச்சாமியாகக் கும்பிட்டு, ஆடிப் பதினெட்டுதோறும் கூடையில் ஒரு புதுச்சீலை வைப்பார்கள். வருஷம் முழுக்க அது பொன்னாயியுடையது. அடுத்த ஆடியில்தான் அதை எடுப்பார்கள். அந்த வம்சத்தில் பிறந்த கன்னிப்பெண்தான் உடுத்துவாள். கடைசியாகச் சில வருஷம் பங்காளி வீட்டுக் குப்பாயி உடுத்தினாள். தை மாதம் அவளும் கலியாணமாகிப் போய்விட்டாள்.

"ஊட்டுல பொறந்தவ கட்டற சீலை இது. நீ வந்தவ," என்றாள் நல்லம்மாள். "மானத்துக்காவ இன்னிக்கு ஒரு நாள் கட்டிக்க. பொழுதோட அலசி வெச்சுப்போடோணும்."

மனுஷர் யாரும் உடுத்தாத சீலை. ஆனால் எத்தனை மெத்து! கஞ்சியின் மொடமொடப்புத் துளியும் இல்லை. இடுப்பு மடிப்பில் சாயம் வெளுத்திருந்தது. முந்தானையில் தலையெண்ணெய் வாசம். மாரக்காள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. துணி அவள் உடம்போடு ஆசையாக ஒட்டிக்கொண்டது. பாவம், அவளை யாராவது தொட்டே நாலு மாசமாகியிருந்தது.

அன்றைக்குக் கிணற்றடியில் ஒருத்தி குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பினாள். "அடி ஆத்தே! இந்த மாம்பழக் கலரு உனக்குன்னே நெய்ஞ்சாப்பல இருக்குதே அம்மிணி!"

கடைக்காரர் காளியண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "வா சாமி. உன்னப் பார்த்தாலே மனசு குளுருது."

மாரக்காளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் தன் சீலையை உடுத்திக்கொண்டு போனாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் கூடையைத் தானே இறக்கினாள்.

அப்புறம் அதைக் கழற்றவே மனம் வரவில்லை. ராத்திரி அலசி, விடியுமுன் உடுத்திக்கொள்வாள். மாமியாரின் திட்டு காதில் ஏறவில்லை. புகழ்ச்சி குவிந்தது. ஆனால் ஒன்று: எல்லாரும் அவளைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் காணாதவளைக் கண்டதுபோல் பெருமூச்சு விட்டார்கள். "இன்னும் அப்படியே இருக்கறயே சாமி!" என்று ஒரு கிழவர் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

ஒரு நாள் மத்தியானம் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"பொன்னாயி!"

அவள் திரும்பினாள்.

நல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். மருமகளை உள்ளே இழுத்துப்போய், மூச்சுக் குரலில் சொன்னாள்: "மாரக்கா, கழட்டிரு. செத்தவ பேரச் சொன்னா நீ ஏண்டி திரும்பற?"

"அவரு வந்து ஒருவாட்டி பார்த்துடட்டுங்க அத்தை. அப்புறம் வெச்சுடறனுங்க."

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஊரே ஆற்றங்கரையில் இருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. உச்சிப்பொழுதில் சடையன் வந்தான்.

அவளை நிமிர்ந்து பார்த்தான். நன்றாகப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சீலை உனக்கு நல்லா இருக்குதுக்கா," என்றான்.

அக்கா.

மாரக்காளின் கை கழுத்துக்குப் போனது.

தாலி இல்லை.

"எங்கம்மா, மாரக்காளக் காணோம்?" என்று அவன் அடுப்படியில் இருந்த தாயைப் பார்த்துக் கேட்டான்.

நாந்தானுங்க, நாந்தான் என்று அவள் உயிரைக் கொடுத்துக் கத்தினாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"கை கழுவீட்டு வா தம்பி. சோறு போடறேன்."

இளசான குரல். நல்லம்மாள் இருபது வருஷமாகக் கேட்காத குரல். அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவள் அந்த முகத்தைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே கிடந்து தவிப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தேகமில்லாமல் தெரிந்தது. மாரக்காள் அந்தக் கண்களைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்த ஊரில் அவளை அவளாகப் பார்த்தது இந்த ஒருத்திதானே! ஒரு தரம் பேரைச் சொல்லித் திட்டினால் போதும்.

நல்லம்மாள் அந்தக் கண்களிலிருந்து பார்வையை விலக்கினாள்.

"மாரக்கா பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா சாமி," என்றாள் மகனிடம். "இனி வரமாட்டா."

அவன் கை கழுவக் கொல்லைக்குப் போனான். நல்லம்மாள் மெல்ல அருகில் வந்தாள். மாம்பழ நிற முந்தானையை இழுத்து, தோளில் சரியாகப் போட்டுவிட்டாள். கண்ணீர் தாரையாக வழிந்தது.

"எத்தன அழகா இருக்கற, என்ற கண்ணு."