கம்பத்தின் மேல் வைத்த குறடு

கூரண்டா வட்டார நாலுசக்கர ஓட்டக் கழகத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும், அவர்தம் மனைவிமார், கணவன்மார், நாய்கள் ஆகியோருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று முதல் கழகத்தின் எந்தப் பயணத்திலும் எந்த உறுப்பினரும் இடுப்பில் மல்டி-டூல் இல்லாமல் காணப்படலாகாது. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கி, விரித்தால் குறடாகவும் கத்தியாகவும் அரமாகவும் திருப்புளியாகவும் எழுந்து நிற்கும் அந்தக் கருவியே பாலைநிலத்தில் மனிதனுக்கும் மரணத்துக்கும் நடுவில் உள்ள வேலி.

தலைவர் ரெக்ஸ் ஹாலம் இதைத் தன் வண்டியின் படிக்கட்டில் ஏறி நின்று, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு வாசித்தார். ஓய்வு பெறும் வரை இன்சூரன்ஸ் கம்பெனியில் நசுங்கிய கார்களைப் பார்வையிட்டவர். மரணத்தைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு என்பது அவருடைய எண்ணம். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கருவிப் பரிசோதனை நடக்கும், இடுப்பில் கருவி இல்லாதவர் அன்று எல்லாருடைய சட்டியையும் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய மல்டி-டூலில் மீன் செதில் சுரண்டும் தகடுகூட இருந்தது. அங்கிருந்து ஒருநாள் முழுக்க ஓட்டினாலும் கடல் வராது.

மற்றவர்கள் அந்தக் கருவியால் பீர் மூடி திறந்தார்கள், பல் குத்தினார்கள். நிஜமாகவே அது தேவைப்பட்டது ஒரே ஒருவருக்குத்தான்: மெர்வின் கிளைனிக், எல்லாருக்கும் மெர்வ். கடைசி வண்டிக்காரர்.

கடைசி வண்டியின் வேலை எளிது. முன்னால் போகிறவர் வழியில் வரும் பண்ணை வேலியின் கேட்டைத் திறப்பார், எல்லாரும் கடந்து போவார்கள், கடைசியில் வருபவர் மூட வேண்டும். யாராவது எதையாவது தவறவிட்டால் எடுத்து வர வேண்டும். பின்னால் புழுதி தெரிந்தால், அது யார் என்று முகம் தெரியும்வரை நிற்க வேண்டும். இந்த முறை பண்ணைக்காரர் இன்னொன்றும் கேட்டுக்கொண்டிருந்தார்: செம்மறிக் கடாக்கள் முட்டித் திறந்துவிடுகின்றன, ஆகவே கேட்டைக் கம்பி போட்டு முறுக்கி வையுங்கள். மெர்வ் மூன்று முறுக்கு முறுக்குவார். பிறகு கம்பியின் நுனியைக் குறடால் உள்பக்கமாக மடித்துவிடுவார், அடுத்து வருகிறவனின் கை கிழியக் கூடாதென்று. இருபது வருடமாக ஆஸ்பத்திரி சலவை வண்டி ஓட்டியவர். வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போகும் கலை அவருக்குக் கைவரவில்லை. அதனாலேயே வருடா வருடம் கடைசி வண்டி அவர் தலையில் விழுந்தது.

மனைவி ஐலீனுக்குப் புழுதி ஆகாது. அவள் முதல் வண்டியில், ரெக்ஸின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அன்று மதியம் முழுவதும் மரணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போனாள். மெர்வுக்கு அன்று வேண்டியிருந்தது அதிகமில்லை. ஒரு மடக்கு நாற்காலி. அவள் கையால் ஒரு கோப்பை டீ. வலிக்கிற இடுப்பில் அவள் தேய்த்துவிடும் யூகலிப்டஸ் தைலம். அவ்வளவுதான்.

முதல் கேட்டைப் பிற்பகலில் மூடினார். குனிந்து முறுக்கி நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மல்டி-டூலைக் கேட் கம்பத்தின் தலையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேடியோவில் ரெக்ஸ் கத்தினார்.

"மெர்வ்! என்னய்யா, கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறியா?"

மெர்வ் இடது குதிகாலை இழுத்துக்கொண்டு ஓடி வந்து மைக்கை எடுத்து, எப்போதும் சொல்வதைச் சொன்னார். "கேட் மூடியாச்சு. எல்லாரும் வந்தாச்சு." வண்டியைக் கிளப்பினார்.

இரண்டாவது கேட் வெகுதூரம் தள்ளி இருந்தது. அதைத் தாண்டி ஓடைக்கரையில்தான் முகாம். வெயில் சாய்ந்து, உப்புச்செடிகளின் நிழல்கள் மண்ணில் நீண்டு கிடந்தன. முன்வண்டிகளின் புழுதி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து நாக்கில் பழைய இரும்பின் ருசியாகப் படிந்தது. கரடுமுரடான தடத்தில் சக்கரங்கள் உதற, பின்னால் தட்டுகளும் கெட்டிலும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தன. வேலிக்கம்பியாலேயே கட்டிய கேட், திறந்து தரையில் கிடந்தது. மெர்வ் வண்டியை மெதுவாக்கினார். இன்னும் அதைக் கடக்கவில்லை.

ரேடியோ கரகரத்தது.

"கேட் மூடியாச்சு. எல்லாரும் வந்தாச்சு."

குரல் மெர்வுடையது. வாக்கிய முடிவில் வருகிற அந்தச் சின்னப் பெருமூச்சு உட்பட.

"சபாஷ் மெர்வ்," என்றார் ரெக்ஸ். "இன்னிக்குத்தான் ஆள் மாதிரி வேல பாக்குற."

மெர்வ் மைக்கைப் பார்த்தார். அது அதன் கொக்கியில்தான் தொங்கியது. எடுத்தார். "ரெக்ஸ், நான் இன்னும் கேட்டத் தாண்டவே இல்லய்யா."

"என்னது? விட்டு விட்டுக் கேக்குது. முதல்ல நல்லாத்தானே சொன்ன?"

நடுவில் ஐலீன் புகுந்தாள். "மெர்வ், எறங்கும்போது இடுப்பப் பாத்து எறங்கு. இங்க வா, தைலம் போட்டு விடறேன். இந்த மனுஷன் பேச்சு கேட்டு எனக்குத் தலையே வெடிக்குது."

மெர்வ் பொத்தானை அழுத்தப் போனார்.

"சரி ஐலீன். வந்துட்டே இருக்கேன்," என்றது ரேடியோ.

அவர் விரல் பொத்தானின் மேல் நின்றுவிட்டது. பழைய பெட்டி, பேசியதையே திரும்பச் சொல்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். களைத்த மனிதன் எந்த விளக்கம் முதலில் வருகிறதோ அதிலேயே சாய்ந்துகொள்வான். ஆனால் "வந்துட்டே இருக்கேன்" என்று அன்று அவர் சொல்லவேயில்லை. அதை யோசிக்கவும் களைப்பாக இருந்தது.

வண்டியைக் கேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தி, அதை இழுத்துச் சாத்தி, இடுப்புப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். பை காலி. தோல் உறை பல்லில்லாத வாய் போல மடங்கியது.

கம்பத்தின் மேல். வைத்த கை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கம்பியை விரலால் முறுக்கிப் பார்த்தார். கட்டைவிரல் கிழிந்ததுதான் மிச்சம். இரண்டு கடா சேர்ந்து மூச்சு விட்டாலே திறந்துகொள்ளும். நிமிர்ந்தபோதுதான், வந்த வழியில், அந்தப் புழுதியைப் பார்த்தார்.

வண்டி வரும் புழுதி. அடியில் கூர்மையாக, மேலே விரிந்து, சாயும் வெயிலில் செம்பு நிறமாக. அவருக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது. அவர்தான் கடைசி.

"ரெக்ஸ், பின்னால வண்டி ஒண்ணு வருது. நம்மாளு யாராவது விட்டுப்போச்சா?"

ரேடியோவில் அவர்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ எதற்கோ "மெர்வ், நீ இருக்கியே!" என்றார்கள்.

சட்டப்படி அவர் காத்திருந்தார். முகம் தெரியும்வரை நிற்க வேண்டும். ஈக்கள் கிழிந்த விரலில் மொய்த்தன. வேலிக்கம்பி காற்றில் மெல்ல முனகியது. புழுதி பெரிதாகவுமில்லை, அடங்கவுமில்லை. அதுவும் காத்திருப்பது போல, அங்கேயே நின்றது. ஓடுகிற வண்டிக்குத்தான் புழுதி எழும். நிற்கிற இடத்தில் எதற்குப் புழுதி?

சரி, யாரோ மாட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே குறடையும் எடுத்து வந்துவிடலாம். ரெக்ஸின் பிரசங்கத்தையும் எல்லார் சட்டியையும் நினைத்தபோது கால் தானாக வண்டிக்குப் போனது. கேட்டைத் திறந்து, திரும்பி, அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கிளம்பினார். உடனே திரும்புவோமே. பின்னால் வருகிறவனுக்கும் வசதி. இத்தனை வருடத்தில் அவர் கேட்டைத் திறந்தபடி விட்டது அதுதான் முதல் தடவை.

புழுதிக்குள் நுழைந்ததும் வெளிச்சம் போய்விட்டது. முன்கண்ணாடிக்கு அப்பால் பழுப்பு. விளக்குகளைப் போட்டார்; அதுவும் பழுப்பாகவே திரும்பி வந்தது. ஊர்ந்தார். ஹாரன் அடித்தார். எதிரே ஒரு ஹாரன் பதில் சொன்னது. அவருடையதைப் போலவே சளி பிடித்த ஹாரன். வலப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஓர் இஞ்சின் கடந்து போனது. கண்ணுக்குத் தெரியவில்லை. காது மட்டும் அறிந்தது. அவர் இஞ்சின் மூன்றாவது கியரில் தட்டுகிற அதே தட்டல். உள்ளே தட்டுகளும் கெட்டிலும் உரசுகிற சத்தம். ஜன்னல் இடுக்கில் ஒரு வாசனை.

யூகலிப்டஸ் தைலம்.

மெர்வ் ஜன்னலை இறுக ஏற்றினார். வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம்.

முதல் கேட் மூடியிருந்தது. கம்பத்தின் தலை காலி. குறடு இருந்த இடத்தில், புழுதியில், அதன் வடிவம் மட்டும் சுத்தமாக இருந்தது. அடியில் பூட்ஸ் தடங்கள். இடது குதிகால் இழுபட்ட தடங்கள். அவர் தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வைத்திருக்க வேண்டாம்; அச்சாகப் பொருந்தியது.

சில தடங்கள் அவர் நின்ற பக்கத்தில் இருந்தன. அவை அவருடையவை. மற்றவை கேட்டுக்கு வெளிப்பக்கத்திலிருந்து வந்தன. அங்கே ஒரு வண்டி நெடுநேரம் நின்ற அடையாளம் இருந்தது. நெடுநேரம் என்றால், சக்கரம் இருந்த இடத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது.

மைக்கை எடுத்தார். "ஐலீன். ஐலீன், கேக்குதா?"

"கை கழுவிட்டு வா மெர்வ்," என்றாள் ஐலீன், சிரிப்போடு. அவரிடம் இல்லை. "அப்பிடியே மண்ணோட ஒக்காராத. நாற்காலி விரிச்சு வெச்சிருக்கேன்."

"இதோ," என்றது அவர் குரல். "அப்பாடா. இன்னிக்கு உசிரே போச்சு போ."

திரும்பி ஓட்டினார். தட்டுகள் கத்தின. இடுப்பு கத்தியது. வேகமுள் அவர் இதுவரை பார்க்காத இடத்தைத் தொட்டது. கண்ணாடியில் பார்த்தார்: அவருக்குப் பின்னால் புழுதி எழவில்லை. கொஞ்சம்கூட. முன்னால் வானத்தின் அடியில் சிவப்பு கசிந்து வற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கேட்.

மூடியிருந்தது.

மூன்று முறுக்கு. இறுக்கமாக. நுனி உள்பக்கமாக மடித்து. அந்தப் பக்கத்திலிருந்து.

வண்டியைக் கேட்டின்மேலேயே விடலாம் என்று மிதித்தார். இஞ்சின் நின்றுபோனது. சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. இறங்கினார். முகாம் ஓடையின் அக்கரையில், கூப்பிடு தூரத்தில். விளக்கு. கொத்துக்கறி கல்லில் வேகும் வாசனை. வட்டமாக நாற்காலிகள். நாய் ஒன்று அவர் பக்கம் பார்த்துக் காதைப் பின்னுக்கு மடித்தது.

அவருடைய நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். ஐலீன் பின்னால் நின்று அந்த இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐலீன்!"

நாய் மட்டும் குரைத்தது. "சும்மா கெட," என்றாள் ஐலீன் அதனிடம்.

கம்பியைப் பிடித்தார். கம்பி அசையவில்லை. சற்று முன் காற்றுக்கே முனகிய கம்பி, கை வைத்தால் முனக வேண்டும். முனகவில்லை. கிழிந்த கட்டைவிரலைப் பார்த்தார். ரத்தம் இல்லை. அங்கிருந்து மெல்லிய செம்மண் உதிர்ந்துகொண்டிருந்தது. காலைத் தூக்கிக் கம்பியைத் தாண்டினார். வைத்த இடம் இந்தப் பக்கம். மறுபடி தாண்டினார். இந்தப் பக்கம்.

நாற்காலியில் இருந்தது எழுந்தது. "ஒரு நிமிஷம், கேட்டப் பாத்துட்டு வந்துடறேன்," என்று ஐலீனிடம் சொன்னது. இடது குதிகாலை இழுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தது. மெர்வின் தொப்பி. மெர்வின் சட்டை. மெர்வின் களைப்பு, ஆனால் அவருடையதைவிடப் பழைய களைப்பு. கண்ணின் அடிவரை புழுதி ஏறிப் படிந்த களைப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இடுப்பிலிருந்து மல்டி-டூலை எடுத்து, விரித்து, குறடால் கம்பியைப் பிடித்தது.

நான்காவது முறுக்கு.

நுனியை உள்பக்கமாகக் கவனமாக மடித்தது. கை கிழியக் கூடாதென்று.

"தப்பா நெனச்சுக்காத மச்சான்," என்றது மெதுவாக, கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்பது போல. "நானும் ரொம்ப நாளா கடைசி வண்டி."

திரும்பி நடந்தது. மெர்வ் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இஞ்சின் நின்று, விளக்கு அணைந்து, அசையாமல் இருந்த அந்த வண்டியைச் சுற்றிப் புழுதி எழுந்துகொண்டிருந்தது. அடியில் கூர்மையாக, மேலே விரிந்து.

ஓடைக்கரையில் ரெக்ஸ் ஹாலம் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, கருவிப் பரிசோதனையை அறிவித்தார். எல்லாரும் வரிசையாக நின்று இடுப்பைத் தட்டிக் காட்டினார்கள். எல்லாரும் தேறினார்கள்.

அன்று சட்டி கழுவத்தான் ஆள் கிடைக்கவில்லை.