வில்லா மே பாடிய டேப்

"அங்கேயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

யோலாண்டா திடுக்கிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மெம்பிஸ் மழை அவள் குடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தரையிலிருந்து கூரைவரை பழைய டேப் டப்பாக்கள். நடுவில் ஒருவன், கழுத்தில் ஹெட்போனுடன், சண்டைக்கு நிற்பவன் போலக் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"வெளியில 'வாங்க'ன்னு போர்டு... உள்ள வந்தா போலீஸ் மாதிரி கத்துறீங்க. எந்த ஊர் மரியாதை இது?"

"டேப்புக்குத் தண்ணி ஆகாது, மேடம். நாப்பது வருஷம் தாங்கினது உங்க குடையால சாக வேண்டாம்."

"எனக்கு மட்டும் தண்ணி ஆகுமா? நனைஞ்சுபோய் நிக்கிறேன்... உக்காருங்கன்னு ஒரு வார்த்தை வரல பாருங்க!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான். அகலமான, கறுத்த கண்கள். அழுது முடித்தவையா, இனிமேல்தான் அழப்போகிறவையா... சொல்ல முடியவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

அவன் பெயர் டெரல். கறுப்பின மக்களின் 'சோல்' பாட்டுகளைப் பதிவு செய்து, எப்போதோ மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் நானூறு டேப்புகளைக் கேட்டு, பாடியது யார் என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. பாதிக்கு மேல் பெயரே கிடையாது. பெயர் இருந்தாலும் அது பாடியவர் பெயரா, பாட்டைக் கொண்டுவந்தவர் பெயரா, யாருக்கும் நிச்சயமில்லை. அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவனுடைய காலஞ்சென்ற அப்பா. டப்பாக்களில் அவர் எழுதிவைத்த கோழிக் கிறுக்கலைப் படிக்க ஊரில் இவன் ஒருவன்தான் மிச்சம்.

"நான் யோலாண்டா. எங்கம்மா வில்லா மே. எழுபத்தொண்ணுல இங்க ஒரே ஒரு பாட்டு பாடினாங்களாம். அப்புறம் நான் வயித்துல வந்துட்டேன். பாட்டு வெளிய வரவே இல்ல. காலம் பூரா துணி வெளுத்தாங்க. 'நீயாவது, பாடுறதாவது'ன்னு சித்திங்க எல்லாம் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன்..."

கைக்குட்டையால் முகத்து மழைநீரைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ பக்கவாதம். பேச்சே போயிடுச்சு. டாக்டர் ஒரு மாசம்னு சொல்றார். அந்தப் பாட்டை அவங்க காதுல போட்டுக் காட்டணும். நான் நம்புறேன்னு அவங்களுக்குத் தெரியணும்... அவ்வளவுதான்."

"தேடிடலாம், மிஸ் யோலாண்டா."

அதன்பிறகு புதனும் சனியும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வந்தாள். வரும்போது காகிதத்தில் பொட்டலம் கட்டிய கெளுத்தி மீன் வறுவல்.

"எண்ணெய்க் கையோட டேப்பைத் தொடாதீங்க."

"அப்போ நீங்க தொடுங்க. மீனை நான் தொடுறேன்."

அவன் அவளுக்கு டப்பா படிக்கச் சொல்லிக்கொடுத்தான். பெயருக்குப் பக்கத்தில் இருப்பது, எத்தனையாவது தடவை பாடியது என்ற எண். அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் அந்தத் தடவை நன்றாகப் பாடியிருக்கிறார்கள். பெயரின் குறுக்கே ஒற்றைப் பென்சில் கோடு இருந்தால்... பாட்டு விலைபோகாது என்று அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்துவிட்டார்கள். பழையது போனது போனதுதான்.

"பேரை முழுசா அடிச்சிருக்கலாமே? எதுக்கு ஒரே ஒரு கோடு?"

"அப்பாவுக்கு மனசு வரல போல."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காது சூடாகிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிவிட்டுப் புதன்கிழமைக்குச் சட்டையை இஸ்திரி போட்டான்.

"கிடைச்சுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"இன்னும் இல்ல... பார்த்துக்கிட்டே இருக்கேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவன் அவள் முகத்தைப் பார்க்கமாட்டான்.

நான்காவது புதன்கிழமை குடையில்லாமல் வந்தாள். தலைமுடியெல்லாம் தண்ணீர். அவன் கத்தவில்லை.

"அம்மா நேத்து காலையில போயிட்டாங்க, மிஸ்டர் டெரல்."

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"வீடு முழுக்க ஆளுங்க. ஆளுக்கொரு பாத்திரத்துல சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாங்க. எனக்கு அங்க இருக்க முடியல... இங்க வரணும்னு தோணிச்சு."

"காப்பி போடுறேன்," என்று பக்கத்து அறைக்குப் போனான். ஓடினான் என்றே சொல்லலாம்.

அவளுக்கு நாற்காலியில்கூட உட்காரத் தெம்பில்லை. சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்தாள். எதிரே அவன் மேஜை. மேஜைக்கு அடியில், அவனுடைய பழைய கோட்டுக்குப் பின்னால், தனியாக ஒரு டப்பா.

வில்லா மே – 3. எண்ணைச் சுற்றி வட்டம். பெயரின் குறுக்கே ஒற்றைக் கோடு. கீழே 'ஞாயிறு ஆராதனை, பாடகர் குழு'. ஓரத்தில் டெரலின் கையெழுத்தில் ஒரு சீட்டு... 'கேட்டாச்சு. கடைசியில் பழைய பதிவு 11 செகண்டு மிச்சம்.' தேதி, அவள் முதன்முதலாக வந்த வாரத்துச் சனிக்கிழமை.

காப்பியோடு வந்தவன் அப்படியே நின்றான்.

"போடுங்க," என்றாள்.

போட்டான். ஆராதனைப் பாட்டு முடிந்து ஒரு சின்ன வெட்டு. பிறகு சுருதி விலகிய பியானோ, அதன்மேல் ஒரு இளம்பெண் இழுத்து முடிக்கும் கடைசி வரி. குரல் கனிந்து, தழுதழுத்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "இன்னொரு தடவை பாடட்டுமா? இதைவிட நல்லா வரும்..."

ஒரு ஆண் குரல். "போதும்மா. நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். டேப் முடிந்துவிட்டது.

"அது உங்கப்பாவா?"

"ஆமா."

"மூணு வாரமா உங்ககிட்ட இருந்திருக்கு."

"எங்கப்பாதான் அழிச்சார்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு... இல்ல. அது பாதிதான்." அவன் மெஷினை அணைத்தான். "இதைக் குடுத்துட்டா நீங்க வாங்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டீங்க. வேற டேப்புல முழுசா இருக்கும், அது கிடைக்கிற வரைக்கும்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்களைப் பிடிச்சுப்போச்சு, யோலாண்டா. பார்க்காம இருக்க முடியல. செஞ்சது பாவம்தான்."

"எங்கம்மாவுக்குப் பேச்சுதான் போச்சு. காது கேட்டுச்சு. திங்கட்கிழமை ராத்திரிகூட என் கையைப் பிடிச்சு அமுக்கினாங்க." அவள் எழுந்தாள். "எனக்கு முழுப் பாட்டு வேண்டாம். இந்தப் பதினோரு செகண்டே அவங்களுக்குப் போதுமா இருந்திருக்கும். அதைத்தான் மேஜைக்கு அடியில வெச்சிருந்தீங்க."

அவன் கண்களில் நீர் வழிந்தது. அவளுடைய கையைப் பற்றினான். அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

"பாட்டுக்காக மட்டும்தான் வர்றேன்னு யார் சொன்னது உங்ககிட்ட? கிடைக்காதுன்னு ரெண்டாவது சனிக்கிழமையே எனக்குத் தோணிடுச்சு. அப்புறமும் யாருக்காக வந்தேன்?" அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "எனக்கும் உங்களைப் பிடிக்கும், டெரல். இன்னைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை அடக்கம். நீங்க வராதீங்க."