நீலப்பூ டைல்

அழித்த இடத்துப் பூக்கள் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. மத்தியானம் அப்படி இல்லை. ஜிஜி கம்ப்யூட்டர் திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். சாயங்கால மழை ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது, கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை வீடெங்கும் நின்றது, பக்கத்து அறைத் தரையில் குப்புறக் கிடந்து மகள் பின்சி வர்ணம் தீட்டும் சரசரப்பு விடாமல் கேட்டது. ஐந்து வயது. ஜிஜிக்கு உலகத்தில் வேறு பிடிமானம் கிடையாது.

பழைய டைல்களைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டி, திருப்பி, ஒட்டி ஒரே சித்திரமாக்குவது அவள் வேலை. குளத்தூரிலிருந்து பெருங்கடவிளை வரை அவள் புகாத குப்பைமேடு இல்லை. இந்த நீலப்பூ டைல் கிடைத்தது கல்லறைத் தோட்டத்து மதிலோரம். பக்கத்து வீட்டு சுகிர்தபாயின் புருஷனை அடக்க, முன்பு மகனை வைத்த அதே குடும்பக் கல்லறையைத் திறந்தபோது பெயர்த்துப் போட்டது. நடுவில் பையனின் முகம் அச்சிட்டிருந்தது, சுற்றிலும் பூ. ஜிஜிக்குப் பூ போதும். திரையில் முகத்தைச் சுற்றி வளைத்து அழித்தாள். இடைவெளியைக் கம்ப்யூட்டரே பூவால் நிரப்பியது. கைகாரிதான், நெஞ்சில்தான் ஈரம் இல்லை.

அதற்கு முன், காலையிலேயே சுகிர்தபாய் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"மக்கா, எனக்க பிள்ளைக்க படம் உள்ள டைலைக் கண்டியா? அதை அப்பனுக்க பெட்டிக்க மேல கவுத்தி வச்சுல்லா மூடணும். மறந்துபோச்சு."

"நான் காணல்ல மாமி."

"முகம் வெளிய கெடக்கப்பிடாதாக்கும். கண்டா தா மக்கா."

டைல் அப்போது ஜிஜியின் மேசைக்கடியில்தான் இருந்தது. நிறம் ஒத்துப்பார்க்க வேண்டியிருந்ததால் வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

இப்போது அதை எடுத்தாள். டைலிலும் முகம் இல்லை. பூ. வழுவழுவென்று பூ. தொட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது.

பையனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். கம்ப்யூட்டரில் கடைசியாகச் செய்ததை ரத்தாக்கும் பொத்தானை அழுத்தினாள். பூக்கள் விலகின. நடுவில் ஒரு முகம் வந்தது.

பையன் இல்லை.

பின்சி. இன்று காலை போட்ட இரட்டைச் சடையோடு. வாய் திறந்திருந்தது.

சரசரப்பு நின்றது.

"பின்சி?"

மழை.

"மக்கா, அம்மைக்க கிட்ட வா."

வரவில்லை. ஜிஜி எழுந்து போனாள். வர்ணப் பெட்டி திறந்து கிடந்தது. வெறும் சிமெண்ட் தரை. அதன் நடுவில் நீலப்பூக்கள். குப்புறப் படுத்த ஒரு பிள்ளையின் அளவுக்கு மட்டும். ஒட்டுத் தெரியவில்லை. சடை இல்லை, காது இல்லை. முதுகு இருக்க வேண்டிய இடம் மூச்சுக்கு ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஜிஜி முட்டிபோட்டாள்.

பூ மூடிய ஐந்து சின்ன விரல்கள் கிரேயானை விட்டன. தரையைத் துழாவின. அவள் நைட்டியின் ஓரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டன.